சவுரிராயன் செதுக்கிய மழை டயர்

சவுரிராயனுக்கு முதலில் மீசை முளைத்தது, அதைத் தாங்குவதற்காகத்தான் பிறகு முகம் முளைத்தது என்று திண்டிவனத்தில் சொல்வார்கள். அவ்வளவு பெரிய மீசை. இரண்டு முனைகளும் காது வரைக்கும் போய், அங்கே ஏதோ ரகசியம் சொல்லிவிட்டு, மறுபடி மேலே திரும்பும். விளக்கெண்ணெயில் தேன்மெழுகைக் காய்ச்சி அவர் அதற்குப் பூசுவார். எதிர்க்காற்று பலமாக அடிக்கிற நாளில் சைக்கிளை மிதித்தாலும் வண்டி நகராது. மீசை பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட நாட்களில் அவர் சைக்கிளை விட்டிறங்கி, மீசையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நடந்துதான் வீடு வந்து சேர்வார்.

மெட்ராஸ் - திருச்சி ரோட்டுக்கு மேற்கே, கிழக்குப் பார்த்த தகரக் கொட்டகை அவருடைய கடை. லாரி, பஸ்காரர்கள் மொட்டையாகத் தேய்ந்த டயர்களைக் கொண்டுவந்து போடுவார்கள். சவுரிராயன் மேல்தோலைச் சீவி, புது ரப்பர் ஒட்டி, அச்சில் வைத்து வேகவைத்து, கட்டம் கட்டமாகப் பட்டன் எழுப்பிப் புதுசு பண்ணிக் கொடுப்பார். போர்டில் 'காந்திமதி டயர் ரீட்ரெடிங்' என்று மனைவியின் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார். அதை யாரும் படித்ததில்லை. "மீசைக்காரர் கடையில நிறுத்து" என்றால் மெட்ராசிலிருந்து வருகிற வண்டியும் நிற்கும், திருச்சியிலிருந்து வருகிற வண்டியும் நிற்கும். மீசைதான் கடை.

வேலையில் குறை சொல்ல முடியாது. அவரிடம் இருந்த ஒரே கோளாறு, எதைக் கேட்டாலும் ஒரு விளக்கம் வைத்திருப்பார் என்பதுதான். மேகம் ஏன் கறுக்கிறது, கழுதை ஏன் ராகம் இழுக்கிறது, பாண்டிச்சேரி ரொட்டி ஏன் பல்லை உடைக்கிறது, எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. "தெரியாது" என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. "அது வர்றதுக்கு மீசை வழி வுடறதில்ல" என்பாள் காந்திமதி.

எண்பத்தைந்தாம் வருஷத்து ஐப்பசியில் ஒருநாள், கடை வாசலில் சிவப்பாக ஏதோ வந்து நின்றது. அது கார்தான் என்று தெரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவ்வளவு குள்ளம். மற்ற கார்களில் ஏற வேண்டும். அதில் இறங்க வேண்டும். வெளியே வரவேண்டுமானால்தான் ஏற வேண்டும். அதிலிருந்து முதலில் ஏறி வந்தவன் அரங்கநாதன், விழுப்புரத்து அரிசி மில்காரர் பிள்ளை. மில்லைப் பார்க்கச் சொன்னால் மெட்ராசில் போய் யாரோ ஒருத்தர் ஓட்டி அலுத்த சீமை ரேஸ் காரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். இன்னொரு பக்கமிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தவர் விருத்தாசலம். விழுப்புரத்தில் டயர் கடை வைத்திருப்பவர், தொழிலில் சவுரிராயனுக்குப் போட்டி. சொகுசு வண்டியில் ஓசிச் சவாரி கிடைத்தால் எதிரி வீட்டுக்கும் வருவார்.

சவுரிராயன் கார் டயரைத் தடவிப் பார்த்தார். பதறிப்போனார்.

"இன்னா தம்பி, எவனோ உன் தலையில மொளகா அரைச்சிட்டானே! சுத்தமா மொட்டை. ஒரு பட்டன்கூட இல்ல. இதப்போய்ப் புதுசுன்னு வித்துட்டானா?"

"இல்ல மேஸ்திரி, இது மொட்டையாவேதான் வரும். ரேஸ் டயரு."

"பொறக்கும்போதே மொட்டையா?"

"ஆமா. காஞ்ச ரோட்டுல ரப்பரு முழுசும் தரையைத் தொட்டா உடும்பு மாதிரி பிடிக்கும். ஆனா தண்ணி பட்டா சோப்புதான். தண்ணி போறதுக்கு வழியில்லாம டயரு தண்ணி மேலயே மிதக்குது. இந்த மாசக் கடைசியில விழுப்புரத்துக்குத் தெற்கால, சண்டைக் காலத்துல வெள்ளைக்காரன் ஏரோப்ளேன் எறக்கறதுக்குப் போட்டுட்டுப் போன சிமெண்டு ரோட்டுல ரேஸ் வெச்சிருக்காங்க. ஐப்பசி மழை நிச்சயம் வரும். எனக்கு மழை டயர் வேணும்."

"வாய்க்கா வெட்டணும்னு சொல்லு."

"அதேதான். எவ்ளோ ஆழம், எந்த மாதிரிக் கோடு, எந்தப் பக்கம் சாய்வு, அதான் யாருக்கும் தெரியல. சீமைக்கு எழுதிப் போட்டு வரவழைக்கறதுக்குள்ள அடுத்த ஐப்பசி வந்துடும். எங்கிட்ட இன்னொரு செட்டு மொட்டை சும்மா கிடக்குது. அதுல நீங்களே வெட்டிக் குடுங்க."

விருத்தாசலம் வாயில் இருந்த வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். "நான் அப்பவே சொல்லிட்டேன் தம்பி. மழை வந்தா வூட்டுல படுத்துத் தூங்கு, அதுதான் மழை டயரு. இந்த மீசைக்கு இன்னா தெரியும்? லாரிக்குத் தோல் போர்த்தற ஆளு. கேப்பைக் கொல்லைக்கு வாய்க்கா வெட்றாப்ல வெட்டி வெச்சி உன்னைக் கவுக்கப் போறாரு."

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். சவுரிராயனுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. மீசையில் கை வைத்தார்.

"விருத்தாசலம், நல்லா கேட்டுக்க. நான் வெட்டிக் குடுக்கற டயரு மழையில சறுக்குச்சின்னா, அந்த எடத்துலயே என் மீசையை எடுத்துக்கறேன்!"

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் ஆம்பிளைகள் நாள் பூராவும் இப்படித்தான் மீசையைப் பந்தயம் கட்டுவார்கள். பஸ் நேரத்துக்கு வராவிட்டால் மீசை, மாமனார் வாக்குத் தவறினால் மீசை, குழம்பில் உப்பு இருந்தால்கூட மீசை. சொன்னபடி எல்லாரும் எடுத்திருந்தால் அந்த ஜில்லாவில் மீசை என்ற பொருளே கண்காட்சியில்தான் இருந்திருக்கும். சொல்வதோடு சரி, பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். அதுதான் மரியாதை.

ஆனால் விருத்தாசலம் கேட்டுக்கொண்டார். "அந்த எடத்துலயேன்னு சொல்லிட்ட. சரி. நம்ம பஸ் ஸ்டாண்டு சலூன் நடராசனை ரேசுக்குக் கையோட கூட்டிக்கினு வர்றேன்."

கொட்டகைக்கு உள்ளேயிருந்து காந்திமதியின் குரல் வந்தது. "எடுக்கறதா இருந்தா முன்னாடியே சொல்லுங்க. இந்த மாசம் வெளக்கெண்ணெய் வாங்காம வுட்டுடறேன்."

அன்றைக்கே செய்தி லாரிகளில் ஏறி ரோட்டின் இரண்டு பக்கமும் போய்விட்டது. வண்டிக்காரர்கள் கடையைத் தாண்டும்போது ஹாரன் அடித்து, மூக்குக்குக் கீழே ஒரு விரலை வைத்து இழுத்துக் காட்டினார்கள். சவுரிராயன் அன்று இரவுச் சாப்பாட்டை வேண்டாமென்றார்.

மழை டயர் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் ஆராய்ந்த விதம் தனி. முதலில் மயிலம் கோயில் படிக்கட்டுக்குப் போய், ஈரப் படியில் பஸ் டயர்த் துண்டு, சைக்கிள் டயர்த் துண்டு, டிராக்டர் டயர்த் துண்டு எல்லாவற்றையும் சறுக்கு விட்டுப் பார்த்தார். அர்ச்சகர் விரட்டிவிட்டார். பிறகு எருமையின் குளம்பைத் திருப்பிப் பார்த்தார். எருமை விரட்டிவிட்டது. கடைசியில் கடைக்குப் பின்னால் இருந்த கழனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு விடை கிடைத்தது.

கழனிக்கு நடுவே ஒரு வரப்பு. மழை பெய்தால் அது வரப்பில்லை, வழுக்குமரம். தபால்காரர் அதில் விழுந்திருக்கிறார். கர்ணம் விழுந்திருக்கிறார். சவுரிராயனே விழுந்து, மீசையில் ஒரு தவளையோடு எழுந்து வந்திருக்கிறார். ஆனால் கூலி வேலைக்கு வரும் குப்பம்மாள் மட்டும் தலையில் புல்லுக்கட்டோடு, கொட்டுகிற மழையில் தார் ரோட்டில் நடப்பவள் மாதிரி விறுவிறுவென்று வந்தாள். நெற்பயிர் முழங்கால் உயரத்துக்கு நின்றதால் கால் தெரியவில்லை. வரப்பு முடிந்து பயிருக்கு வெளியே வந்தபோது அவள் காலில் இருந்தது டயர் செருப்பு. பழைய டயரை அறுத்து, வார் வைத்துத் தைத்த செருப்பு.

சவுரிராயன் எழுந்து நின்றுவிட்டார். டயரால்தானே செருப்பு செய்தார்கள்? அந்தச் செருப்பு மழையில் சறுக்கவில்லையென்றால், அதைப் பார்த்து டயர் செய்தால் எப்படிச் சறுக்கும்?

"இந்தா குப்பம்மா, அந்தச் செருப்பைக் கழட்டிக் குடு."

"இன்னாண்ணா, நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. இதுக்குப் பதிலா புதுசா ஒரு ஜோடி வாங்கித் தர்றேன்."

குப்பம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மீசைப் பந்தய விஷயம் அவளுக்கும் தெரியும். பயத்தில் மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "வூட்டுல அண்ணியை நல்லா பாத்துக்கச் சொல்லுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செருப்பைத் திருப்பிப் பார்த்தால் ஆச்சரியம். இடது செருப்பின் அடியில் டிராக்டர் டயர் மாதிரி ஆழமான கட்டம் கட்டமான பட்டன். வலது செருப்பில் நீளவாக்கில் ரெண்டு மூன்று மங்கலான கோடு, மற்றபடி வழவழப்பு. வேறு யாராக இருந்தாலும் தலையைச் சொறிந்திருப்பார்கள். சவுரிராயன் தொடையைத் தட்டினார்.

"காந்திமதி! இதுதான் சூட்சுமம். எடது கால் பிடிக்குது, வலது கால் தள்ளுது. ரெண்டும் பிடிச்சா எப்பிடி நடக்கறது? ரெண்டும் தள்ளினா விழுந்துடுவோம். ஒண்ணு பிடிக்கணும், ஒண்ணு வழுக்கணும். அதான் நடை! சீமையில இருக்கறவனுக்கு இது தெரியாது."

"அதுக்கு அவகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

"அவகிட்ட இன்னா கேக்கறது? காலு பேசுது பாரு."

கத்தியைப் பழுக்கக் காய்ச்சி, சுற்றிலும் திரை கட்டிக்கொண்டு, வேலையை ஆரம்பித்தார். காரின் இடது பக்கத்து டயர்களுக்கு இடது செருப்பு, வலது பக்கத்து டயர்களுக்கு வலது செருப்பு. ஒரு கோடு பிசகவில்லை. இடது செருப்பில் ஒரு முள் குத்தியிருந்த ஓட்டையைக்கூட விடாமல் செதுக்கினார். ரப்பர் புகை ரோடு வரைக்கும் பரவி, போகிற வருகிற பஸ்காரர்கள் தங்கள் வண்டிதான் எரிகிறதென்று நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ரேஸ் நாளன்று காலையிலேயே வானம் கறுத்துக்கொண்டது. அந்தப் பழைய சிமெண்டு ரோட்டைச் சுற்றி வளவனூர், கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி ஜனமெல்லாம் வந்திருந்தது. மெட்ராசிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த கார்கள் வரிசையாக நின்றன. ஜனத்துக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவர்கள் மீசை போகிறதா இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள்.

விருத்தாசலம் சொன்னபடி நடராசனைக் கூட்டி வந்திருந்தார். நடராசன் ரோட்டுக்குப் பக்கத்தில் திறந்த வெளியில் தன் சலூன் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, குடை பிடித்துக்கொண்டு, கத்தியைத் தோல்வாரில் தீட்டினார். "ஜல்தியா முடிச்சி வுடுங்கப்பா. மத்தியானம் வளவனூர்ல ஒரு மாப்ளைக்கு முகம் பண்ணணும்."

அரங்கநாதன் புது டயர்களை மாட்டிக்கொண்டு காரில் இறங்கினான். இடது டயர் ஒரு தினுசு, வலது டயர் ஒரு தினுசு என்று பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினான். சவுரிராயன் நடை சாஸ்திரத்தை விளக்கியதும் அவனுக்கே அது ஏதோ உண்மை போலத் தோன்றிவிட்டது. அவர் விளக்கினால் அப்படித்தான்.

சரியாக அப்போது தூறல் போட்டது. அந்தத் தூறலோடு, வேகவைத்த வேர்க்கடலைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "மல்லாட்டை, மல்லாட்டை" என்று விற்றுக்கொண்டே வந்தாள் குப்பம்மாள். சவுரிராயன் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு அவளுடைய கையில் இருந்தது. காலில் ஒன்றுமில்லை.

சவுரிராயன் அவளை மறித்தார். "குப்பம்மா, செருப்பு ஏன் கையில கீது?"

"இன்னாண்ணா கேக்கறீங்க? மழையில எவளாவது செருப்பைப் போட்டுக்கினு நடப்பாளா? வழுக்கி வுட்டுடாது?"

"அப்போ வரப்புல?"

"வரப்புல கட்டை விரலை ஊணிக்கினு வெறுங்காலோட வருவேன். செருப்பைப் புல்லுக்கட்டுல சொருவி வெச்சிருப்பேன், வரப்பு முடிஞ்சி முள்ளு தரை வந்ததும் போட்டுக்குவேன்."

"அந்த எடது செருப்பு ஒரு மாதிரி, வலது செருப்பு ஒரு மாதிரி..."

"அது ஜோடியே இல்லண்ணா. வலது செருப்பை நாய் தூக்கிக்கினு பூடுச்சி. எங்க வூட்டுக்காரரோட பழசு ஒண்ணு கிடந்துச்சி, போட்டுக்கினு வந்தேன். அதான் அன்னிக்கே சொல்லலாம்னு பாத்தேன். நீங்க எங்க கேட்டீங்க?"

சவுரிராயனின் மீசை முனைகள் இரண்டும் அந்தத் தூறலில் மெதுவாகக் கீழே இறங்கின. அவர் விருத்தாசலத்தைப் பார்த்தார். தீட்டுகிற கத்தியைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் ஒருவேளை மழை நின்றாலும் நிற்கலாம். ஒருவேளை கார் சறுக்காமலே போனாலும் போகலாம். சொல்லிவிட்டால் மீசை இப்போதே போய்விடும். ஒரு கையால் மீசையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ஓடினார். எதிர்க்காற்றில் அப்படியொரு ஓட்டம் அவர் வாழ்க்கையில் ஓடியதில்லை.

"தம்பி, நிறுத்து! அது ஜோடி இல்ல! நாய் தூக்கிக்கினு பூடுச்சி!"

அரங்கநாதன் தலைக்கவசத்துக்குள் இருந்தான். இன்ஜின் சத்தம் வேறு. மேஸ்திரி வாழ்த்துகிறார் என்று நினைத்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். கொடி இறங்கியது. மழையும் அதே நொடியில் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

மற்ற கார்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய்விட்டன. சிவப்புக் கார் கொஞ்ச தூரம் அவற்றின் பின்னாலேயே போயிற்று. பிறகு இடது டயர்கள் சிமெண்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டன. வலது டயர்கள் சோப்பு போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு முன்னே போயின. கார் இடது பக்கமாகத் திரும்பியது. திரும்பியது, திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது. ரோட்டை விட்டிறங்கி, குடை பிடித்து உட்கார்ந்திருந்த நடராசனைச் சுற்ற ஆரம்பித்தது.

நல்லவேளையாக அது மாட்டுவண்டி வேகத்தில்தான் சுற்றியது. அரங்கநாதன் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் காருக்குக் கவலையில்லை. இடது டயர்கள் செக்குக்கட்டை மாதிரி ஊன்றிக்கொள்ள, வலது டயர்கள் சேற்றை வாரி நாலு பக்கமும் வீசின. நடுவில் நடராசன், பெட்டியின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, காரோடு சேர்ந்து தானும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"வலம் வரக்கூடாதா? எடமா வருது பாரு, குடும்பத்துக்கு ஆவாது!" என்று யாரோ ஒரு பெரியவர் கத்தினார்.

"ஐயோ, எனக்குக் கல்யாண வேலை இருக்குதுப்பா! இந்தப் பேஜாரு எனக்கு எதுக்கு?" என்றார் நடராசன்.

கடைசியில் கார்ப்ரேட்டரில் தண்ணீர் புகுந்து கார் இருமி இருமி நின்றது. பெங்களூர்க்காரர் ஒருவர் ஜெயித்தாராம். அவர் பெயர் இந்த ஜில்லாவில் யாருக்கும் தெரியாது.

ஜனம் முழுக்க மழையோடு அங்கே கூடிவிட்டது. விருத்தாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சறுக்குச்சா இல்லியா? எல்லாரும் பாத்தீங்க."

"சறுக்குச்சி!" என்றது ஒரு பாதி ஜனம்.

"எங்க சறுக்குச்சி? அங்கியே நின்னு சுத்துச்சிப்பா!" என்றது இன்னொரு பாதி.

"நடராசனைக் கேளுங்க, அவருதான் பக்கத்துல இருந்தாரு" என்றாள் குப்பம்மாள்.

நடராசனுக்குத் தலைசுற்றல் அடங்கவில்லை. குடையை ஊன்றிக்கொண்டுதான் எழுந்தார். தரையில் பதிந்திருந்த தடத்தைக் காட்டினார். உள்வட்டத்தில் இடது டயரின் தடம், கட்டம் கட்டமாக, அச்சு வெல்லத்தில் முத்திரை குத்தியது போலத் தெளிவாக இருந்தது. அந்த முள் ஓட்டைகூடத் தெரிந்தது. வெளிவட்டத்தில் வலது டயரின் தடம், யாரோ முழங்கையால் மெழுகின மாதிரி கலைந்து கிடந்தது.

"நான் கண்ணால பாத்ததைச் சொல்றேன். எடது பக்கம் துளி சறுக்கல. வலது பக்கம் சறுக்காத நேரமே இல்ல. ஜல்தியா ஒரு முடிவு சொல்லுங்க."

விருத்தாசலம் இதை எதிர்பார்க்கவில்லை. சவுரிராயன் முகத்தைப் பார்த்தார். மழையில் மெழுகு கரைந்து, மீசை வாயை மூடித் தொங்கியது. அவருக்கே மனசு கேட்கவில்லை. "போவுது வுடு மீசை. ஏதோ பேச்சுக்குச் சொன்னோம். நடராசா, பெட்டியை மூடு."

"வேணாம்" என்றார் சவுரிராயன். நடந்துபோய் அந்தப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். "எனக்குச் செருப்பைப் பத்தித் தெரியாது. கேட்டிருக்கணும், கேக்கல. எடு."

அவர் வாயிலிருந்து "தெரியாது" வந்ததைக் கேட்டுக் காந்திமதி கூட்டத்தில் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். நடராசன் கத்தியை எடுத்தார். தண்ணீர் தொட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வலது பக்கம் சரசரவென்று இறங்கி மழைத் தண்ணீரில் மிதந்து போயிற்று. கத்தி இடது பக்கத்துக்கு வந்தபோது சவுரிராயன் நடராசனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போற?"

"ஒரு பக்கம் மட்டும் இருந்தா நல்லாவா இருக்கும்? முழுசா எடுத்துடறேன். ரெண்டு மாசத்துல மொளைச்சிடும்."

"எடது பக்க டயரு இன்னா தப்பு பண்ணுச்சி? அதை எடுத்தா அதுவும் சறுக்குச்சின்னு ஆயிடும். தொடாத."

விருத்தாசலம் கெஞ்சிப் பார்த்தார். அரங்கநாதன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கெஞ்சினான். சவுரிராயன் பெட்டியை விட்டு எழுந்து, இடது மீசையை முறுக்கி மேலே ஏற்றி, விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து திண்டிவனம் வண்டி ஏறினார்.

வீட்டில் சோறு போட உட்கார்ந்த காந்திமதி, அவரை இடது பக்கமிருந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து வலது பக்கம் போய்ப் பார்த்தாள். "அந்தப் பக்கம் எங்க மாமியார் பெத்த புள்ள. இந்தப் பக்கம் யாரோ புதுசா, பாக்க லட்சணமாத்தான் கீறாரு" என்று சொல்லி, அன்றைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்தே குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் கடை திறந்தது. கிழக்குப் பார்த்து அவர் உட்கார்ந்தால் இடது கன்னம் மெட்ராஸ் பக்கம், வலது கன்னம் திருச்சி பக்கம். மெட்ராசிலிருந்து வருகிற வண்டிகள் தூரத்திலேயே மீசையைப் பார்த்து, வழக்கம்போல வேகத்தைக் குறைத்து நின்றன. திருச்சியிலிருந்து வருகிறவர்கள் மழமழவென்று ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கடை கை மாறிவிட்டது போலிருக்கிறது என்று தாண்டிப் போனார்கள். நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னாள் காந்திமதி. அவர் கேட்கவில்லை.

சாயங்காலம், தெற்கேயிருந்து வந்த ஒரு லாரி கொஞ்ச தூரம் தாண்டிப் போய் நின்றது. டிரைவர் இறங்கித் திரும்பி நடந்து வந்து, கடைக்குத் தெற்கு ஓரமாக நின்றார்.

"ஐயா, இங்க மீசைக்காரர்னு ஒருத்தர் இருந்தாரே, கடையை வித்துட்டாரா?"

சவுரிராயன் தலையைத் திருப்பவில்லை. சீவிக்கொண்டிருந்த டயரிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"இருக்காரு. அந்தப் பக்கமா சுத்திக்கினு வாங்க."